வளிம விதிகளும் மலை உயரமும்

வளிம விதிகள் என்பவை வளிமம் ஒன்றின் அழுத்தம், கனவளவு, வெப்பநிலை, பொருளின் அளவு ஆகியவற்றுக்கு இடையேயான தொடர்புகளைக் கூறும் இயல்வேதியியல் விதிகள் ஆகும். சேலத்திலிருந்து (சுமார் 278 மீட்டர்) சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்கு (சுமார் 1,515 மீட்டர்) ஏறும் பயணம் இவ்விதிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் சென்றாலும், குப்பனூர், கொட்டச்சேடு வழியே சென்றாலும், காது அடைப்பதும் தின்பண்டப் பொட்டலங்கள் உப்புவதும் ஒரே காரணத்தால் நிகழ்கின்றன.

வரலாறு

உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும் என்பது பிரான்சு நாட்டின் பூய்-தெ-டோம் மலையில் 1648 செப்டம்பர் 19 அன்று மெய்ப்பிக்கப்பட்டது. பாசுக்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே பாதரசக் குழாயுடன் மலையேறினார். உச்சியில் பாதரச மட்டம் ஏறத்தாழ 8 செ.மீ. தாழ்ந்தது. அடிவாரத்தில் வைக்கப்பட்ட மற்றொரு குழாயில் அன்று முழுவதும் மாற்றமில்லை. அம்மலையின் உயரம் 1,465 மீட்டர், அதாவது ஏற்காட்டை விடச் சற்றே குறைவு. அதே குழாயைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டு சென்றால் மட்டம் சுமார் 10 செ.மீ. தாழும்.

மாறா வெப்பநிலையில் அழுத்தமும் கனவளவும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதைப் பாயில் 1662இல் வெளியிட்டார். மாறா அழுத்தத்தில் கனவளவு வெப்பநிலையுடன் கூடுவதைச் சார்லசு 1787 அளவில் கண்டார், ஆனால் வெளியிடவில்லை. 1802இல் அதனை வெளியிட்ட கே-லுசாக், சார்லசின் பெயரையும் குறிப்பிட்டார். அவகாதரோவின் கருதுகோள் 1811இல் வந்தது. இவை இணைந்த சமன்பாடு: அழுத்தம் × கனவளவு = மோல் எண்ணிக்கை × வளிம மாறிலி × தனி வெப்பநிலை.

ஒரு கணக்கீடு

காற்றழுத்தம் சேலத்தில் ஏறத்தாழ 980, ஏற்காட்டில் 845 ஹெக்டோபாசுக்கல் எனக் கொள்வோம். தளர்வான பை ஒன்றில் சேலத்தில் 30 பாகை செல்சியசில் அடைத்த 1 லிட்டர் காற்று, வெப்பநிலை மாறாவிடில் மலைமேல் சுமார் 1.16 லிட்டராகும். அங்கு வெப்பநிலை 22 பாகை எனில் அது 295/303 மடங்காகச் சுருங்கி, ஏறத்தாழ 1.13 லிட்டர் ஆகும். கெல்வினுக்கு மாற்றாமல் 22/30 எனப் பெருக்கும் மாணவருக்கு 0.85 லிட்டர் விடையாகக் கிடைக்கும். பொட்டலம் உப்புவதற்கு மாறாகச் சுருங்கிவிடும்! விடையைக் கண்ணால் காண்பதுடன் ஒப்பிட்டாலே இப்பிழை தெரிந்துவிடும்.

ஆக்சிசன்

மலைமேல் காற்றில் ஆக்சிசன் விழுக்காடு குறைவு என்பது பரவலான தவறான கருத்து. விழுக்காடு இரு இடங்களிலும் சுமார் 21 ஆகும். டால்டனின் பகுதி அழுத்த விதிப்படி குறைவது ஆக்சிசனின் பகுதி அழுத்தமே: சேலத்தில் சுமார் 205, ஏற்காட்டில் சுமார் 177 ஹெக்டோபாசுக்கல்.

குளிர்ச்சி

மேலெழும் காற்றின்மீது அழுத்தம் குறைவதால் அது விரிவடைகின்றது. விரிவதற்கான வேலையைத் தன் உள்ளாற்றலிலிருந்தே செய்வதால் அது குளிர்கின்றது. வெப்பநிலை மாறுவதால் இங்கு பாயிலின் விதியை மட்டும் பயன்படுத்தலாகாது. உலர்ந்த காற்று 1 கிலோமீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 10 பாகை குளிரும். ஈரக்காற்றில் நீராவி ஒடுங்கி வெப்பத்தை வெளியிடுவதால் குளிர்வது குறைவு. ஏற்காட்டு மூடுபனி இவ்வொடுக்கத்தின் விளைவே. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்ததற்கும், கொட்டச்சேடு முதலிய ஊர்களில் அது இன்றும் விளைவதற்கும் இக்குளிர்ச்சி துணை நிற்கின்றது.

சமையல்

கொதிநிலை வளிம விதிகளில் நேரடியாக அடங்குவதன்று. நீரின் ஆவியழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலையே அது. ஏற்காட்டில் நீர் சுமார் 95 பாகையில் கொதிக்கின்றது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ மூட்டினாலும் பருப்பு இதற்குமேல் சூடாகாது. வெளியழுத்தத்தைவிட 1,000 ஹெக்டோபாசுக்கல் கூடுதலாகத் தாங்கும் குக்கரில் சேலத்தில் 120 பாகையும் ஏற்காட்டில் 118 பாகையும் கிடைப்பதால் வேறுபாடு பெரிதும் மறைந்துவிடும்.

விலகல்

மூலக்கூறுகளின் பருமனையும் அவற்றிடையேயான ஈர்ப்பையும் கருதாத இவ்விதிகள் உயர் அழுத்தத்திலும் தாழ் வெப்பநிலையிலும் பிழைபடும். வான் டெர் வால்சு 1873இல் இதற்கான திருத்தத்தை அளித்தார். வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் வளிமம் திரவமாகவே அடைக்கப்பட்டுள்ளது. திரவம் எஞ்சியிருக்கும் வரை உள்ளழுத்தத்தை வெப்பநிலையே பெரும்பாலும் முடிவு செய்யும். எனவே எவ்வளவு எரிவாயு மீதியுள்ளது என்பதை அழுத்தத்தைக் கொண்டு அறிய இயலாது. உருளையை எடைபோட்டே அறியவேண்டும்.