கால்நடை ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கங்கள்

கால்நடை மருத்துவ ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதி முடித்தவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது, மேற்கோள் பட்டியலை அந்த இதழ் கேட்கும் வடிவத்தில் அமைக்கும் வேலை. ஆசிரியர் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண் என்று ஒவ்வொரு பதிவிலும் ஐந்தாறு விவரங்கள். எது முன்னே வர வேண்டும், எங்கே காற்புள்ளி, எது சாய்வெழுத்து என்பதற்கெல்லாம் இதழுக்கு இதழ் விதி மாறும். பலருக்கு இது மூளைக்கு வேலை வைக்காத, கைக்கு மட்டும் அலுப்புத் தரும் காரியம். நான் அப்படி நினைக்கவில்லை. பட்டியலை ஒழுங்காக அமைப்பவர் ஒவ்வொரு மூலக் கட்டுரையையும் மறுபடி திறந்து பார்த்தாக வேண்டும். தான் சொன்னதைத்தான் அந்தக் கட்டுரையும் சொல்கிறதா என்பது அப்போதுதான் தெரியவரும். கால்நடை மருத்துவத்தில் அந்தச் சோதனையைத் தவறவிட்டால் இழப்பு பெரிது.

மனித மருத்துவருக்கு நோயாளி ஒரே இனம். கால்நடை மருத்துவரிடம் மாடும் வரும், ஆடும் வரும், நாய், பூனை, கோழி எல்லாம் வரும். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். நாயின் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரினும் பூனைக்கு ஆகாது. அதனால் ஒரு மருந்துக்குச் சான்று காட்டினால், எந்த விலங்கில் சோதித்தது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை பெரும்பாலும் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கும். சில இயற்பியல், வேதியியல் இதழ்கள் மேற்கோள் பட்டியலில் தலைப்பை விட்டுவிடுகின்றன. இதழ், தொகுதி, பக்கம் இருந்தால் அவர்களுக்குப் போதும். கால்நடை இதழ்கள் முழுத் தலைப்பையும் கேட்பதை வீண் சம்பிரதாயம் என்று சொல்ல முடியாது. நாயில் செய்த ஆய்வைப் பூனைக்குச் சான்றாகக் காட்டியிருந்தால், வாசிப்பவர் அதைப் பட்டியலிலேயே பிடித்துவிடலாம்.

பாறு கழுகுகளின் கதை இதற்கு நல்ல சான்று. 1990களிலிருந்து இந்தியத் துணைக்கண்டத்தில் வெண்முதுகுப் பாறுகள் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. காரணத்தைக் கண்டு சொன்ன கட்டுரை 2004-இல் 'நேச்சர்' இதழில் வந்தது: ஓக்ஸ் முதலானோர் எழுதியது, தொகுதி 427, பக்கம் 630 முதல் 633 வரை. மாடுகளுக்கு வலி தணிக்கப் போட்ட டைக்ளோபினாக், அந்த மாடு இறந்தபின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது பாகிஸ்தானில் நடந்த அந்த ஆய்வின் முடிவு. அதன் தலைப்பிலேயே டைக்ளோபினாக் என்ற பெயர் இருக்கிறது. வலிநிவாரணிகள் எல்லாமே பாறுகளைக் கொல்லும் என்று எழுதி இந்தக் கட்டுரையைச் சான்றாகக் காட்டினால் அது பிழை. ஏனெனில், அதே வகையைச் சேர்ந்த மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்று 2006-இல் வேறொரு ஆய்வு காட்டியது. டைக்ளோபினாக் ஒன்றுதான் ஆபத்து என்று எழுதினாலும் பிழைதான். கீட்டோபுரோபனும் கொல்லும் என்பது பின்னால் தெரிந்தது. முதல் பிழை பரவியிருந்தால் விவசாயிக்கு மாற்று மருந்தே இல்லாமல் போயிருக்கும். இரண்டாவது பரவியிருந்தால் நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கும் ஆபத்து. கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை இந்தியா 2006-இல் தடைசெய்தது. கீட்டோபுரோபன், அசிக்லோபினாக் இரண்டுக்கும் தடை 2023-இல் வந்தது. எந்த மருந்துக்கு எந்தச் சான்று என்று தனித்தனியே பிரித்துக் காட்ட முடிந்ததால்தான் தடையையும் மருந்து மருந்தாகப் போட முடிந்தது.

ஆய்வாளர்கள் பொதுவாக மேற்கோள்களைச் சரியாகத்தான் தருகிறார்கள் என்று நாம் நம்புகிறோம். எண்ணிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆறு மருத்துவ இதழ்களைச் சோதித்து 1985-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வில், 24 சதவீத மேற்கோள் பதிவுகளில் பிழை இருந்தது. மூல ஆசிரியர் சொன்னதைத் திரித்துச் சொன்னவை 15 சதவீதம். கால்நடை இதழ்களும் இதற்கு விலக்கல்ல என்று 1993-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு காட்டியது. இவற்றையெல்லாம் மிஞ்சியது ஒரு மாயக் கட்டுரை. அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி வான் டெர் கீர் முதலானோர் 2000-இல் எழுதியதாக ஒரு பதிவை, எல்ஸ்வியர் பதிப்பகம் தன் வழிகாட்டியில் வெறும் மாதிரிக்காகப் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, இதழும் இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட 400 வெளியீடுகளின் மேற்கோள் பட்டியலில் அது ஏறிவிட்டது. மாதிரிப் படிவத்தில் இருந்ததைப் பலர் நீக்காமலே விட்டிருக்க வேண்டும். இணை ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், பதிப்பாசிரியர்கள் கண்ணிலும் அது படவில்லை.

விவரம் சரியாக இருந்தால் போதாதா, காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. இன்றுள்ள முறைகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். வரிசை எண் இடும் வான்கூவர் முறை, 1978-இல் அந்த நகரில் மருத்துவ இதழாசிரியர்கள் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்தது. ஆசிரியர் பெயரும் ஆண்டும் தரும் ஹார்வர்டு முறையின் தொடக்கம், எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியலாளர் 1881-இல் ஓடில்லாத் தோட்ட நத்தையின் முட்டை வளர்ச்சி பற்றி எழுதிய கட்டுரை. இரண்டாலும் காரியம் நடக்கும். ஓர் இதழ் மறுத்த கட்டுரையை இன்னொன்றுக்கு அனுப்ப அறுபது பதிவுகளின் நிறுத்தக்குறிகளை மாற்றச் சொல்வது நேரத்தை வீணாக்குவது. முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவமும் ஏற்கப்படும், சீராக இருந்தால் போதும் என்று பல இதழ்கள் இப்போது இறங்கி வந்திருப்பது நல்ல மாற்றம். நான் விட்டுக்கொடுப்பது நிறுத்தக்குறிகளை மட்டுமே. தலைப்பு, தொகுதி, பக்கம், இணையத்தில் கட்டுரைக்கு நிலையான அடையாளமாக இருக்கும் டி.ஓ.ஐ. எண் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும், மருந்தளவைச் சரிபார்க்கத் தேடும் மருத்துவர் வழியில் நின்றுவிடுவார்.

இதையெல்லாம் ஜோட்டெரோ, எண்ட்நோட் போன்ற மென்பொருள்களே செய்யுமே என்பது அடுத்த வாதம். செய்யும், அவசியம் பயன்படுத்த வேண்டியவைதான். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைச் சேர்த்தால் ஜோட்டெரோ எச்சரிக்கவும் செய்கிறது. ஆனால் தரவுத்தளத்தில் ஆண்டு தவறாக இருந்தால் மென்பொருளும் அதே தவற்றை அழகாக அடுக்கித் தரும். சாய்வெழுத்தில் இருக்க வேண்டிய பாக்டீரியாவின் பெயரைச் சாதாரண எழுத்தில் விட்டுவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், தொகுதி, பக்கம் எல்லாம் வைத்துப் பிசிறில்லாத வடிவத்தில் தந்துவிடுகின்றன. முன்பெல்லாம் அரைகுறை வடிவமே, எழுதியவர் மூலத்தைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். இனி அந்தத் துப்பும் கிடைக்காது என்பதால், ஒவ்வொரு டி.ஓ.ஐ. எண்ணையும் சொடுக்கி, வருகிற கட்டுரையைப் படிக்கிற வேலை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. குடும்பப்பெயர் முன்னே, சொந்தப் பெயரின் முதலெழுத்து பின்னே என்பது பன்னாட்டு இதழ்களின் விதி. நமக்கோ குடும்பப்பெயரே இல்லை. இருப்பது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. அதை விரித்து எழுதினால், ஒரு தரவுத்தளத்தில் கட்டுரை அப்பாவின் பெயரிலும் இன்னொன்றில் மகளின் பெயரிலும் போய்ச் சேரும். ஒருவருடைய பத்தாண்டு உழைப்பு இரண்டு மூன்று ஆட்களுக்குச் சொந்தமானதாகச் சிதறிக் கிடக்கும். அவருடைய ஆய்வுகளைத் தொடர்ந்து தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும். 2012-இல் தொடங்கிய ஆர்சிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் இதற்காகவே இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் முதுகலை மாணவர்களை முதல் ஆண்டிலேயே அந்த எண்ணைப் பெறச் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் பெயரை ஒரே வடிவில் எழுத, அந்த வடிவத்தை முதல் கட்டுரை வெளியாகும் முன்பே முடிவு செய்யவும் சொல்லித்தர வேண்டும்.