குழுக் கடன்: கையெழுத்து முதல் கடைசி டியூ வரை

குழுக் கடன் வாங்க நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஒரே தெருவில் நாலைந்து பெண்கள் சேர்ந்தால் போதும், மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் வீடு தேடி வந்துவிடுவார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பேச்சுதான் அங்கே அடமானம்.

முதலில் ஆதார், வாக்காளர் அட்டை, கணவர் அல்லது மகனுடைய அட்டை வாங்கிப் பதிவார்கள். கிரெடிட் பீரோவில் பழைய கடன்களைப் பார்ப்பார்கள். அடுத்து வருமானம் கேட்பார்கள். இங்கே உண்மையைத்தான் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கே இந்தக் கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 16,000 வரும் வீட்டுக்கு 8,000தான் எல்லை. கடன் கிடைத்தால் போதும் என்று வருமானத்தைக் கூட்டிச் சொன்னால், நமக்காகப் போட்ட வேலியை நாமே பிடுங்கி எறிந்தாற்போல ஆகிவிடும்.

கடன் அனுமதியானதும் லோன் கார்டு தருவார்கள். அது நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் வட்டி எப்படிக் கணக்காகிறது என்று கேளுங்கள். 50,000 ரூபாயை 24 சதவீதத்தில் 24 மாதத் தவணையில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி என்றால் மாதம் சுமார் 2,644, மொத்தம் 63,450 அளவில் வரும். கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி என்றால் 74,000! சொல்லும் சதவீதம் ஒன்றுதான், பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். செயல்முறைக் கட்டணம், காப்பீடு என்று பிடித்தமும் உண்டு. கடனோடு வேறு எதையும் விற்பதானால் நம் முழுச் சம்மதம் வேண்டும், அதன் கட்டணம் கார்டில் இருக்க வேண்டும்.

பிறகு டியூ நாள். குழு கூடும் இடமான சென்டரில் எல்லாரும் கூடிப் பணம் கட்டி, கார்டில் வரவு வைத்து வாங்குவார்கள். முன்கூட்டியே முழுதாக அடைத்தால் அபராதம் கிடையாது.

சிக்கல் ஒரு டியூ தவறும்போது தொடங்குகிறது. கூலி வேலை இல்லாத வாரம், குழந்தைக்குக் காய்ச்சல், அவ்வளவு போதும். பணம் வரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்று மற்றப் பெண்களையும் உட்காரவைப்பார்கள். நேற்றுவரை அக்கா என்றவளே வாசலில் நின்று ஏசுவாள். அவளைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, அவள் வீட்டு அடுப்பும் காத்திருக்கிறது. இந்த அவமானத்துக்குப் பயந்து இன்னொரு கம்பெனியில் வாங்கி இங்கே கட்டுகிறார்கள். கடன் பெருகும் வழி இதுதான்.

ஆனால் விதி கடன்காரி பக்கம் இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மிரட்டுவதும் தகாத சொல்லும் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது. இருதரப்பும் பேசி முடிவுசெய்த இடத்தில்தான் வசூல். அடுத்தடுத்து இரண்டு முறையாவது நாம் அங்கே போகாவிட்டால்தான் வசூலிப்பவர் வீட்டுக்கு வரலாம்.

மீறினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வழி கேட்க 14448. அந்த எண்ணை லோன் கார்டின் பின்புறம் இன்றே எழுதி வையுங்கள்.