லொறிக்குக் காப்புறுதி இருக்கிறது, லொறிக்குள் இருப்பதற்கு?

2023 மார்ச் மாதம். நோன்புக்கு இன்னும் பத்து நாட்கள்தான் இருந்தன. அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் நான் கோழி விநியோகிக்கும் கடைகளில் வழக்கத்தை விட இரு மடங்கு ஓடர். குளியாப்பிட்டிப் பக்கத்துப் பண்ணையொன்றில் 640 புரொய்லர் கோழிகளுக்கு முற்பணம் கொடுத்திருந்தேன். இரவிலேயே ஏற்றி, வெயில் ஏறுவதற்கு முன் ஊர் வந்து சேர்வதுதான் எங்கள் வழக்கம். அன்று கோழி பிடிக்கும் ஆட்கள் பிந்தி வந்ததால் லொறி புறப்படும்போது காலை ஒன்பது மணியாகிவிட்டது.

பதினொரு மணியளவில் சாரதியிடமிருந்து தொலைபேசி வந்தது. கலகெதர ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் முழுவதும் கொட்டி, லொறி நின்றுவிட்டது.

முந்திய வாரமே அவர் என்னிடம் சொல்லியிருந்தார். "முதலாளி, மேல் ஹோஸ் வீங்கி இருக்கு. மாத்திட்டுப் போவோம்" என்றார். "நோன்புக்குள்ள மாத்துவோம் நானா. இப்ப ஓட்டத்தை நிப்பாட்டேலா" என்று நான்தான் பதில் சொன்னேன். பிழை சாரதியுடையது அல்ல. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மணித்தியாலத்தில் நடந்தது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது தன் உடற்சூட்டைத் தணித்துக் கொள்ளும். லொறி ஓடும்போது கூடைகளுக்கு இடையே காற்றோட்டம் இருக்கும். லொறி நின்றால் காற்றும் நின்றுவிடும். அடுக்கின் நடுவிலுள்ள கூடைகள்தான் முதலில் பாதிக்கப்படும்.

நான் காப்புறுதிக் கம்பனியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்தேன். என்னிடம் இருந்தது "புல் இன்சூரன்ஸ்". லீசிங் எடுத்த வாகனம் என்பதால் அது கட்டாயம். தொலைபேசியில் பேசியவர் மரியாதையாகவே பேசினார். வாகனத்தைக் கட்டி இழுக்க ஆள் அனுப்பலாம், ஆனால் சரக்கை இறக்கிய பின்னரே இழுப்போம் என்றார். கோழிகளை எங்கே இறக்குவது என்று கேட்டேன். அது வாகன உரிமையாளரின் பொறுப்பு என்று பதில் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது சாரதியும் உதவியாளரும் அருகிலிருந்த வீட்டாரிடம் வாளி வாங்கித் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுச் சிங்களப் பெண்மணி தன் முற்றத்து நிழலில் கூடைகளை வைக்க இடம் தந்தார். 64 கூடைகளை மூன்று பேர் இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை லொறி வைத்திருப்பவர்கள் அறிவார்கள். இன்னொரு லொறியை வாடகைக்குப் பிடித்து ஊர் வந்து எண்ணிப் பார்த்தபோது 231 கோழிகள் செத்திருந்தன.

வழியில் ஒருவர் வந்து, "செத்ததை அரை விலைக்குத் தாங்க, நான் பார்த்துக் கொள்கிறேன்" என்றார். அறுக்காமல் செத்தது எமக்கு ஹராம். அது ஒருபுறமிருக்க, அதனை வாங்கி யாருக்கோ உணவாகக் கொடுப்பார் என்பதும் தெரிந்த விடயம். தெரிந்த ஒருவரின் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். வாடகை லொறியும் சேர்ந்து நஷ்டம் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. நான் மாற்றாமல் விட்ட ஹோஸின் விலை சில ஆயிரம் ரூபா மட்டுமே.

காப்புறுதிப் பத்திரத்தில் என்ன இருந்தது?

அன்றிரவுதான் நான் அந்தப் பத்திரத்தை முதன்முதலாக முழுமையாக வாசித்தேன். நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

விபத்து, தீ, களவு ஆகியவற்றுக்கு நஷ்டஈடு உண்டு. இயந்திரக் கோளாறும் தேய்மானமும் விலக்கப்பட்டுள்ளன. அனேகமாக எல்லா மோட்டார் காப்புறுதிகளிலும் இந்த விலக்கு இருக்கும். லொறியில் உள்ள சரக்கு அதில் அடங்காது. அதற்குப் போக்குவரத்துச் சரக்குக் காப்புறுதி என்று வேறொன்று எடுக்க வேண்டும். அதிலும் பொதுவாகத் தாமதத்தினால் ஏற்படும் இழப்பும், சரக்கு தன் இயல்பினால் கெட்டுப் போவதும் விலக்கப்பட்டிருக்கும். லொறி கவிழ்ந்து கோழி செத்தால் ஒரு கணக்கு, லொறி நின்று கோழி செத்தால் இன்னொரு கணக்கு. உயிருள்ள பிராணிகள் என்றால் தனியாகப் பேசி எழுத்தில் சேர்க்க வேண்டும். தகாபுல் முறையில் எடுத்தவர்களும் இதே கேள்விகளைக் கேட்டுத் தெளிவுபெறுவது நல்லது.

கம்பனியை நான் குறை கூறவில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்ததை நான் வாசிக்கவில்லை.

குதிரை லொறிக்காரர்கள் செய்வது

ஆறுதல் சொல்ல எடுத்த என் மச்சான் ஒரு புதிய விடயத்தைச் சொன்னார். அவர் பிரித்தானியாவில் குதிரைகள் ஏற்றும் லொறி ஓட்டுபவர். அங்கு சாதாரண வீதி உதவிச் சேவை பழுதான வாகனத்தை இழுத்துச் செல்லும், ஆனால் அதற்குள் இருக்கும் குதிரையைப் பொறுப்பேற்பது அரிது. நெடுஞ்சாலை ஓரத்தில் குதிரையை இறக்கி நிறுத்தவும் முடியாது. அதனால் குதிரை வைத்திருப்போர் அதற்கென்றே உள்ள சேவையில் சேர்கிறார்கள். லொறி கராஜுக்குப் போகும். குதிரை வேறு வாகனத்தில் லாயத்துக்குப் போகும். இரண்டையும் பொறுப்பேற்பதுதான் அந்தச் சேவை.

மூன்றரை தொன்னுக்கு மேற்பட்ட குதிரை லொறிகள் அங்கு ஆண்டுதோறும் கனரக வாகனப் பரிசோதனைக்குப் போக வேண்டும். என்றாலும் மச்சான் அதனை மட்டும் நம்புவதில்லை. தளத்தின் இறப்பர் விரிப்பைத் தூக்கி, சிறுநீர் ஊறிப் பலகை உக்கியிருக்கிறதா என்று தானே தட்டிப் பார்ப்பாராம். "பரிசோதனை வருஷத்தில் ஒரு நாள், குதிரை ஏறுவது எல்லா நாளும்" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தைத்தது. எனது லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் இருந்தது. புகைப் பரிசோதனையில் சித்தியடைந்து, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரமும் புதுப்பித்திருந்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த அத்தனையும் சரி. புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும், வீங்கிய ஹோஸைப் பார்க்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை நாம் பழைய லொறிகளையே ஓட்டினோம். 2022 இல் ரூபா சரிந்ததும் உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்பது எல்லோருடைய பேச்சாகவும் ஆனது. அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

இப்போது நான் செய்வது

சரக்கு ஏற்றுவதற்கு முன் பத்து நிமிடம். சாரதியும் நானும் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுகிறோம்.

1. என்ஜின் சூடாகுமுன் ரேடியேட்டர் தண்ணீர், ஒயில், பிரேக் ஒயில்.
2. ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பார்த்தல். பெல்டில் வெடிப்பு உண்டா என்று பார்த்தல். இரண்டிலும் மேலதிகமாக ஒவ்வொன்று லொறியிலேயே இருக்கும்.
3. டயர்கள், ஸ்பெயார் வீல், ஜாக்கி. ஸ்பெயார் வீலுக்குக் காற்று இருக்கிறதா என்பதே பலர் மறப்பது.
4. விளக்குகள், பெட்டரி.
5. தளப் பலகையும் செசியும். கோழி எச்சமும் கழுவும் தண்ணீரும் இரும்பைத் தின்றுவிடும். மீன் லொறிக்காரர்களுக்கு உப்புத் தண்ணீரும் சேரும்.
6. தண்ணீர்க் கேன்கள், நிழலுக்கு ஒரு பெரிய படங்கு.

வெயிலுக்கு முன் சேர முடியாது என்றால் ஓட்டத்தை மாலைக்குத் தள்ளிவிடுகிறேன். சாரதி ஒரு பழுதைச் சொன்னால் அது திருத்தப்படும் வரை லொறி ஏற்றாது. இது நான் எனக்கே போட்டுக் கொண்ட சட்டம்.

இரண்டாவது, எங்கள் பகுதியில் கோழி வியாபாரம் செய்யும் நால்வர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒருவரின் லொறி நின்றால், பக்கத்தில் இருக்கும் மற்றவரின் லொறி உடனே போக வேண்டும். மாதாந்தம் ஆளுக்கு 5,000 ரூபா பொதுவில் போடுகிறோம். உதவிக்குப் போகும் லொறியின் எண்ணெய்ச் செலவும் ஆட்கூலியும் அதிலிருந்து கொடுக்கப்படும். குருநாகல், மாவத்தகம, கலகெதர ஆகிய இடங்களில் வாடகை லொறி வைத்திருப்போரின் இலக்கங்கள் எல்லாச் சாரதிகளிடமும் இருக்கின்றன. இதுவரை மூன்று தடவை இந்த ஏற்பாடு கைகொடுத்தது. மூன்று தடவைகளிலும் செத்த கோழிகளைக் கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கோழி, ஆடு, மீன், மரக்கறி, பால் என்று நேரத்தோடு போட்டியிடும் சரக்கை ஏற்றும் வியாபாரச் சகோதரர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது தவணைப் பணம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் இன்னும் நான்கு கேள்விகள் கேளுங்கள். விபத்தில்லாமல் பழுதாகி நின்றால் என்ன செய்வீர்கள்? சரக்கோடு லொறியை இழுப்பீர்களா? மாற்று வாகனம் தருவீர்களா? தாமதத்தால் கெடும் சரக்குக்கு நஷ்டஈடு உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இல்லை என்று பதில் வந்தால், அந்த இடைவெளியை நிரப்ப நாமே ஒரு வழி தேட வேண்டும் என்று அர்த்தம்.

நானா அன்று சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தேவையே எனக்கு வந்திருக்காது. உங்கள் சாரதி இந்த வாரம் உங்களிடம் என்ன சொன்னார்?