அசைய மறுக்கும் அம்பு

லேப்டாப்பின் டச்பேட் திடீரென்று முடங்கினால் பெரும்பாலும் கோளாறு சின்னதுதான். ஆனால் சில சமயம் அது ஓர் ஆபத்தின் முதல் எச்சரிக்கை.

புனேயிலிருந்து லோனாவாலா செல்லும் லோக்கல் ரயில், கட்கியை விட்டு முளா ஆற்றைக் கடந்ததும் நிற்கும் இடம் தாபோடி. ராணுவப் பொறியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனையும் இங்கேதான். ஓடிக் களைத்த சிவப்பு பஸ்கள் இங்கு வந்து புது உடம்போடு திரும்புகின்றன. எந்த நல்ல பணிமனைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் இன்ஜினைக் கழற்றாதே. டீசல் இருக்கிறதா, பேட்டரி இணைப்பு சரியா என்று பார்.

அதே தாபோடியில், வாடகை அறையில் தங்கியிருக்கும் ஒரு பொறியியல் மாணவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு பிராஜெக்ட் அறிக்கை தரவேண்டும். இரவு பதினோரு மணிக்கு லேப்டாப் திரையில் அம்பு நின்றுவிடுகிறது. விரலை எப்படித் தேய்த்தாலும் அசைவில்லை. கடைகள் மூடியாகிவிட்டன. அவர் முதலில் நினைப்பது, மதர்போர்டு போய்விட்டது என்று. செலவு எவ்வளவு ஆகும் என்ற கவலை அடுத்தது. இன்ஜினைக் கழற்றும் அவசரம் இதுதான்.

உண்மையில் டச்பேட் ஓர் எளிய சாதனம். அதன் மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டிருக்கின்றன. மனித விரல் மின்சாரத்தைக் கடத்தும். அது அருகில் வந்தால் கட்டத்தின் மின்தேக்கத் திறன் சற்று மாறுகிறது. எந்த இடத்தில் மாறியது என்பதை ஒரு சில்லு விநாடிக்குப் பல முறை கணக்கிட்டு அம்பை நகர்த்துகிறது. விரல் அழுத்த வேண்டியதே இல்லை. பென்சில் நுனியாலோ நகத்தாலோ தேய்த்தால் வேலை செய்யாததற்குக் காரணமும் இதுதான்.

லேப்டாப்புக்கு இது பிறவியிலேயே வந்ததல்ல. ஆப்பிள் 1991ல் கொண்டுவந்த பவர்புக்கில் உருளும் பந்துதான் இருந்தது. 1992ல் ஐபிஎம், விசைகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் குமிழை நட்டது. மின்தேக்க முறையில் இயங்கும் டச்பேடை ஜார்ஜ் கெர்ப்ஹைட் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கியிருந்தார். 1994ல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசை அதை ஏற்றுக்கொண்ட பிறகு பந்தின் கதை முடிந்தது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகள் டச்பேடை முதலில் தொட்டுப் பார்த்தது 2011 செப்டம்பர் 15க்குப் பிறகு. அன்றுதான் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. லேப்டாப் வீட்டுக்கு வந்தது. பழுது பார்க்கும் கடை கூடவே வரவில்லை. சின்னக் கோளாறால் மூலையில் கிடக்கும் லேப்டாப்பை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

விசையில் ஒளிந்த சுவிட்ச்

முதல் சந்தேகம் விழவேண்டியது விசைப்பலகை மேல். பல லேப்டாப்களில் மேல்வரிசை விசைகளில் ஒன்றின் மீது சின்ன டச்பேட் படம் இருக்கும். எஃப்என் விசையோடு அதைத் தெரியாமல் தட்டினால் டச்பேட் அணைந்துவிடும். மறுபடி தட்டினால் உயிர் வரும். சில மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையை இரண்டு முறை தட்டினாலே இதே விளைவு. விசைப்பலகையைத் துடைக்கும்போதும், குழந்தைகள் விளையாடும்போதும் இது சர்வசாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது விண்டோஸ் அமைப்பு. அம்பு இல்லாமலே அங்கே போகலாம். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு 'ஐ' எழுத்தைத் தட்டினால் செட்டிங்ஸ் திறக்கும். டேப் விசையாலும் அம்புக்குறி விசைகளாலும் நகர்ந்து டச்பேட் பக்கத்துக்குப் போய், அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். மவுஸ் இணைத்திருந்தால் டச்பேட் ஓய்வெடுக்கட்டும் என்று ஓர் ஏற்பாடும் அங்கே உண்டு. வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவர் பின்பக்கம் செருகியபடியே மறந்துபோயிருந்தால் இந்த ஏற்பாடு டச்பேடை முடக்கிவைக்கும். எதற்கும் ஒரு யுஎஸ்பி மவுஸ் வீட்டில் இருப்பது நல்லது. சில நூறு ரூபாய்தான்; நள்ளிரவில் பிராஜெக்டைக் காப்பாற்றும்.

மூன்றாவது, முழுமையாக அணைத்து எழுப்புவது. மூடியைச் சாத்தித் திறப்பது இதில் சேராது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி கிளப்ப வேண்டும். விசைப்பலகையையும் டச்பேடையும் கண்காணிக்கும் சில்லு குழம்பிப்போயிருந்தால் இதில் தெளிந்துவிடும்.

டிரைவர் எங்கே?

அதற்கும் மசியவில்லை என்றால் டிரைவர் எனப்படும் மென்பொருள் மீது சந்தேகம். விண்டோஸ் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் டச்பேட் நின்றது என்றால் சந்தேகம் வலுக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டச்பேடை நீக்கிவிட்டு லேப்டாப்பை மறுபடி கிளப்பினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். இன்னொரு நுணுக்கம்: அண்மைக்கால லேப்டாப்கள் பலவற்றில் டச்பேட் ஐ2சி என்ற இணைப்பு வழியாகப் பேசுகிறது. அந்த வழியைத் திறந்துவிடும் சிப்செட் டிரைவர் இல்லையென்றால் டச்பேட் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கென்று இருக்கும் சிப்செட் டிரைவரை முதலில் நிறுவவேண்டும்.

கோளாறு மென்பொருளிலா, உறுப்பிலா? இதைத் தீர்மானிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பிப் பார்ப்பது. அதில் அம்பு ஓடினால் உறுப்பு நலம். குற்றவாளி விண்டோஸ் பக்கம். அதிலும் ஓடவில்லை, பயாஸ் திரையிலும் அசைவில்லை என்றால் பழுது உள்ளேதான் இருக்க வாய்ப்பு அதிகம். பல சமயம் அது டச்பேடை மதர்போர்டுடன் இணைக்கும் காகிதம் போன்ற ரிப்பன் கேபிள், பூட்டிலிருந்து நழுவியதாக இருக்கும். பையில் குலுங்கிக் குலுங்கிப் பயணம் செய்யும் லேப்டாப்புக்கு இது வரக்கூடியதே. கடைக்காரர் மதர்போர்டை மாற்றச் சொல்வதற்கு முன், இந்தக் கேபிளைப் பார்த்தாரா என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

மழையும் பிளக்கும்

அம்பு நிற்காமல் தாறுமாறாகக் குதிக்கிறதா? ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஊறும் புனேயில் ஈரக்கையே காரணமாக இருக்கலாம். டச்பேடுக்குத் தண்ணீர்த் துளியும் விரலும் ஒன்றுதான். அணைத்துவிட்டு உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் குதித்து, பிடுங்கினால் அடங்குகிறது என்றால் எர்த் இணைப்பைப் பார்க்கவேண்டும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகுவது நம் வீடுகளில் வழக்கம். மின்சாரத்தில் மிதக்கும் இரைச்சல் வெளியேற வழியில்லாமல் டச்பேடைக் குழப்புகிறது. லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லேப்டாப் கடைக்காரரை அல்ல.

இவை எல்லாம் தொல்லைகள். ஆபத்து வேறு. பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே படுத்திருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதானால், அல்லது ஓயாத வெப்பத்தில் கிடந்தால், உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயுவாகிறது. பேட்டரி தலையணைபோல் உப்புகிறது. முதலில் அது முட்டுவது டச்பேடை. கிளிக் விறைப்பாகும், பின்பு கிளிக்கே கேட்காது. டச்பேடின் ஓரம் மேலெழும். மூடி சரியாகச் சாத்தாது. மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடும்.

இந்த நிலையில் செட்டிங்ஸில் தேடுவது வீண். மேலெழுந்த டச்பேடை அழுத்தி உள்ளே தள்ளுவது அதைவிட மோசம். உப்பிய பேட்டரி துளைபட்டாலோ மடிந்தாலோ தீப்பிடிக்கும். செய்யவேண்டியது ஒன்றுதான்: லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, படுக்கை, திரைச்சீலை போன்றவற்றுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோவது. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன. பேட்டரி அபாயத்துக்குப் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. அளவுக்கு மீறிச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பதால், 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோ சிலவற்றின் பேட்டரிகளை மாற்றித் தருவதாக 2019ல் ஆப்பிள் அறிவித்தது.

பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசும் பேசத் தொடங்கியிருக்கிறது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழு அமைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் பழுது உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. உதிரிபாகமும் கையேடும் சாதாரண மெக்கானிக் கைக்கு எட்டினால், ஒரு நழுவிய கேபிளுக்காக லேப்டாப்பையே தூக்கிப்போடும் அவலம் குறையும்.

அந்த மாணவர்? எஃப்என் விசையில் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் அவர் அறிக்கைக்குத் திரும்பியிருக்கவும் கூடும். டச்பேடின் ஓரம் மேலெழுந்திருப்பதைக் கண்டால், அறிக்கையைப் பென் டிரைவில் எடுப்பதற்காகக் கூட லேப்டாப்பைத் தொடர்ந்து ஓட்டாமல் அணைப்பதே புத்திசாலித்தனம். பிராஜெக்டுக்கு இன்னொரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எரிந்த அறையைத் திரும்ப வாங்க முடியாது.