கொள்ளைநோய்க் காலங்கள் – 14: கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம்

சென்ற வாரம் பம்பாய் பிளேக்கையும், அதற்காகப் பிறந்த 1897 கொள்ளைநோய்ச் சட்டத்தையும் பார்த்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவை எதிர்கொள்ள மத்திய அரசு மாநிலங்களைக் கையில் எடுக்கச் சொன்னது அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவைத்தான். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. புதுச்சேரியில் அது ஊரடங்காக மட்டும் வரவில்லை, எல்லையடைப்பாகவும் வந்தது.

வெளியூர் வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒரே நிலமாக இல்லை. காரைக்கால் தெற்கே இருக்கிறது. மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். புதுச்சேரி வட்டாரமே தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கிறது. விழுப்புரம் பேருந்தில் ஏறினால் வில்லியனூரும் அரியூரும் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, மதகடிப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டை போட்டு, ஒப்பந்தம் போட்டு விட்டுச்சென்ற எல்லை இது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி போனது. எல்லை அப்படியே நின்றுவிட்டது. முத்தியால்பேட்டையில் பிறந்து கோட்டக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. 2020-இல் தடையானது.

இந்தியாவின் முதல் தொற்று ஜனவரி 30 அன்று கேரளத்தில் உறுதியானது. புதுச்சேரிப் பிரதேசத்தின் முதல் தொற்று மார்ச் 17 அன்று, நகரத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால், மாஹேயில். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர். ஆக, புதுச்சேரி அரசின் முதல் நோயாளியைச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் கேரள அரசின் பொறுப்பில் இருந்தன.

நகரத்தில் சில காரியங்கள் நன்றாகவே நடந்தன. பெரிய மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்கக் காய்கறிக் கடைகளைப் புதிய பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். பேருந்து ஓடாத நாளில் அதைவிட விசாலமான இடம் எங்கே கிடைக்கும்? கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையானது. கடற்கரைச் சாலையை மூடினார்கள். மே வரை தொற்று குறைவாகவே இருந்தது. எல்லையை அடைத்ததால் அவகாசம் கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஜிப்மர் மருத்துவமனை எங்கே இருக்கிறது? கோரிமேட்டில், எல்லைக்குப் பக்கத்திலேயே. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஏழைகள் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் நம்பி வருவது அங்கேதான். அது மத்திய அரசின் நிறுவனம். புதுச்சேரிக்கு மட்டும் சொந்தமானதல்ல. வெளிநோயாளர் பிரிவு நிறுத்தப்பட்டு, தொலைபேசி வழி ஆலோசனை தொடங்கியது. பழைய நோயாளி போனில் மருந்து கேட்கலாம். கீமோதெரபிக்கு நாள் குறித்துக் கொடுக்கப்பட்டவர் அடைத்த எல்லையைத் தாண்ட என்ன செய்வார்?

எல்லையைக் கடந்து வாழ்பவர்களைப் பற்றி யோசிக்காமல் விட்டதன் முழு அளவு மாஹேயில்தான் தெரிந்தது. ஏப்ரல் 11 அன்று மாஹேயைச் சேர்ந்த ஒரு முதியவர் கண்ணூர் மாவட்டத்தில், பரியாரம் மருத்துவக் கல்லூரியில் இறந்தார். அவர் மாஹேக்காரர் என்று கேரளம் தன் கொரோனா மரணக் கணக்கில் சேர்க்கவில்லை. இறந்தது கேரளத்தில் என்பதால் புதுச்சேரியும் அப்போது சேர்க்கவில்லை. மே மாதம் கேரளச் சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா பிபிசி பேட்டியில் அந்த மரணத்தைப் பற்றிப் பேசும்போது தவறுதலாகக் கோவா என்று சொல்லிவிட்டார். கோவா முதல்வர் பிரமோத் சாவந்த் மறுத்ததும், மாஹே என்று திருத்தினார். செத்துப்போன ஒரு மனிதரை எந்த அரசும் தன்னவர் என்று சொல்லவில்லை. இதை நினைக்க எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

அடுத்த வைரஸ் வரும்போதும் இதே எல்லைதான் இருக்கும். ஜிப்மர் சீட்டோடு வருபவரை எந்தச் சோதனைச்சாவடியில் விடுவது, மாஹேக்காரருக்கு எங்கே சிகிச்சை, மரணம் யார் கணக்கில் என்பதை நோய் இல்லாத இந்த நாட்களிலேயே புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் நான்கும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் இதைக் கேளுங்கள்.

(தொடரும்)