காசுக்கும் வாசி உண்டு

தெய்வத் திருவுருவ நாணயங்களை இணைய ஏலத்தில் வாங்குவோர் அறிய வேண்டியவை

சோழ நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் சூழ்ந்திருந்த காலம். திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அடியார் திருக்கூட்டத்துடன் திருவீழிமிழலையில் தங்கியிருந்தனர். அடியவர்கள் பசியால் வாடலாகாது என்று திருவுளம் கொண்ட ஈசன், கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினார். இந்தப் படிக்காசைக் கொண்டு பண்டம் வாங்கி, இரு திருமடங்களிலும் அடியவர்களுக்கு அமுது படைத்தனர்.

அப்பர் மடத்தில் உரிய நேரத்தில் அமுது ஆயிற்று. சம்பந்தர் மடத்திலோ நாள்தோறும் தாமதம். காரணம் வினவியபோது மடத்துப் பணியாளர்கள் உண்மையை உரைத்தனர். அப்பர் பெற்ற காசைக் கடைக்காரர்கள் அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர். சம்பந்தர் பெற்ற காசுக்கோ வாசி கேட்கின்றனர். வாசி என்பது காசின் தரக்குறைவுக்காகக் கழிக்கப்படும் வட்டம். உழவாரப் படை ஏந்தி உடலால் தொண்டு செய்பவர் அப்பர். ஆகவே அவருக்கு வாசியற்ற காசு கிடைத்தது என்று பெரியோர் விளக்கம் கூறுவர். சம்பந்தர் அக்குறை நீங்குமாறு பதிகம் பாடி வேண்ட, அவருக்கும் நற்காசு கிடைத்தது.

இந்த வரலாற்றில் எளிதில் கவனத்தில் படாத ஒரு செய்தி உண்டு. இறைவனே அளித்த காசு என்றபோதிலும் கடைவீதி அதை உரைத்துப் பார்த்தது. அதை ஒருவரும் அபசாரமாகக் கருதவில்லை. காசைச் சோதிப்பது கடவுளைச் சோதிப்பது ஆகாது. இன்று கைப்பேசித் திரையில் தெய்வத் திருவுருவம் பொறித்த ‘பழங்கால நாணயங்களை’க் கண்டு மனம் உருகும் பெரியோர்கள் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இதுவே.

வலை விரியும் விதம்

பெரும்பாலும் கதை ஒரே விதமாகத்தான் தொடங்குகிறது. ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர் ஒருவர், பேரன் பழக்கித் தந்த கைப்பேசியில் கோயில் உற்சவக் காட்சிகளைக் கண்டுகொண்டிருக்கிறார். இடையே ஒரு விளம்பரம். ஸ்ரீராமர் பட்டாபிஷேகக் கோலம் பொறித்த செப்புக் காசு; மறுபுறம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818’ என்ற ஆங்கில எழுத்துகள். இருநூறு ஆண்டுப் பழமை, பூஜையில் வைத்தால் ஐசுவரியம் பெருகும், ஏலம் முடிய இன்னும் பத்தே நிமிடம் என்று விளம்பரம் அவசரப்படுத்துகிறது. ராமநவமி நெருங்குகிறது. காசை வாங்கிப் பூஜையறையில் வைத்து, பின்னாளில் பேரனுக்கு அளிக்கலாம் என்று பெரியவரின் மனம் கணக்குப் போடுகிறது. ஐந்நூறில் தொடங்கிய விலை ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. யாரோ ஒருவர் அடுத்தடுத்து விலையை ஏற்றுகிறார். ராமரை விட்டுக்கொடுக்க மனமின்றிப் பெரியவரும் ஏற்றுகிறார்.

காசு வந்து சேர்கிறது. அதில் ராமர் இருக்கிறார். பழமை மட்டும் இல்லை.

1818 காசு ஏன் போலி?

‘யூ.கே.எல். ஒன் அணா’ என்ற எழுத்துகளுடன் 1616, 1717, 1818, 1839 ஆகிய ஆண்டுகளைத் தாங்கி, ராமர், சிவன், அனுமன், லட்சுமி முதலிய திருவுருவங்களுடன் விற்கப்படும் இக்காசுகள் கம்பெனி ஆட்சியில் அச்சிடப்பட்டவை அல்ல. இதை அறிய நிபுணர் தேவையில்லை. சிறிது வரலாறு போதும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1835ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே இந்தியா முழுமைக்கும் ஒரே சீரான நாணயங்களை வெளியிட்டது. அதற்கு முன்னர் ஒவ்வொரு மாகாணத்திற்கும் தனித்தனி நாணய முறை இருந்தது. சென்னை மாகாணத்தில் செப்பு நாணயங்கள் ‘காசு’ என்ற கணக்கில் வழங்கின. 1808ஆம் ஆண்டின் இருபது காசு நாணயத்தில் இருப்பது கம்பெனியின் சின்னமே; தெய்வ உருவம் அன்று. 1835க்குப் பிறகும் கம்பெனி செம்பில் அரை அணா, கால் அணா, அதற்கும் குறைந்த சில்லறைகளை வெளியிட்டதே தவிர, ஒரு அணா நாணயம் வெளியிடவில்லை. கம்பெனி ஆட்சி 1858இல் முடிவுற்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1907இல்தான் ஒரு அணா நாணயம் முதன்முதலாகப் புழக்கத்திற்கு வந்தது. அதுவும் செம்பு அன்று. விளிம்பு நெளிந்த, செம்பும் நிக்கலும் கலந்த காசு. ஆகவே ‘1818, ஒரு அணா’ என்ற இரண்டு சொற்களே அக்காசின் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

வடநாட்டில் ‘ராமடங்கா’ என வழங்கும் வில்லைகளும் உண்டு. தலயாத்திரை வந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று பூஜையில் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை இவை. ஒருபுறம் பட்டாபிஷேகமும் மறுபுறம் வில்லேந்திய ராம லட்சுமணரும் இருப்பார்கள். இவை பக்திக்குரிய நினைவுப் பொருள்களே. அரசு வெளியிட்ட நாணயங்கள் அல்ல. இவற்றில் காணும் ஆண்டுகளை அப்படியே நம்பவும் இயலாது. வில்லையை வில்லை என்று சொல்லி, வில்லைக்குரிய விலைக்கு விற்பதில் குற்றமில்லை. அதை நாணயம் என்று கூறி ஆயிரக்கணக்கில் பறிப்பதே மோசடி.

உண்மையான தெய்வ நாணயங்கள்

இதனால், தெய்வ உருவம் பொறித்த பழங்காசுகளே இல்லை என்று எண்ணிவிடலாகாது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509-1529) வெளியிட்ட பொன் வராகனில் வெண்ணெய் ஏந்திய பாலகிருஷ்ணர் அமர்ந்திருப்பார். மறுபுறம் மன்னரின் பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். சென்னையில் கம்பெனியார் வெளியிட்ட ‘மூன்று சுவாமி வராகன்’ என்னும் பொற்காசில் பெருமாள் இரு தேவியருடன் காட்சி தருவார். மொகலாயப் பேரரசர் அக்பர்கூடத் தம் இறுதிக் காலத்தில், 1604-05ஆம் ஆண்டில், ராமரும் சீதையும் நடந்து செல்லும் கோலத்தில் நாணயம் வெளியிட்டார். ‘ராம் சிய’ என்று நாகரியில் எழுதப்பட்ட அந்நாணயங்கள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன; அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

உண்மையான காசுக்கு இத்தகைய பெருமை இருப்பதால்தான் போலிகளும் பிறக்கின்றன. விஜயநகர வராகன் எடையில் சற்றேறக்குறைய 3.4 கிராம் பொன். அதிலுள்ள தங்கத்தின் இன்றைய விலையைவிடக் குறைந்த விலைக்கு ஒருவர் அதை இணையத்தில் விற்க முன்வந்தால், அவர் ஏன் அருகிலுள்ள நகைக்கடைக்குப் போகவில்லை என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டாலே போதும்.

ஏலத்தில் மறைந்திருக்கும் சூழ்ச்சிகள்

நேர்மையாக நடக்கும் இணைய ஏலங்கள் உண்டு. ஆயினும் கண்ணெதிரே நடக்கும் ஏலத்தில் இல்லாத சில அபாயங்கள் இணையத்தில் இருக்கின்றன.

முதலாவது, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. காட்டப்படும் படம் வேறொருவருடைய காசின் படமாக இருக்கக்கூடும். படம் ஒன்று, வந்து சேர்வது வேறொன்று என்ற ஏமாற்றம் இங்கே மிகுதி.

இரண்டாவது, எதிரில் ஏலம் கேட்பவர் யார் என்று தெரியாது. விற்பவரே வேறு பெயரிலோ, நண்பர்களைக் கொண்டோ விலையை ஏற்றிவிடுவது உண்டு. வாங்க விரும்புபவர் தம் ஆசையோடு போட்டியிடுகிறாரே தவிர, உண்மையான போட்டியாளர் ஒருவருமே இராமல் போகலாம்.

மூன்றாவது, வென்ற விலையே இறுதி விலை என்று எண்ணிவிடலாகாது. பல ஏலங்களில் அதன்மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம், வரி, அனுப்பும் செலவு ஆகியவை சேரும். அவற்றை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

நான்காவது, ‘இருக்கும் நிலையில் விற்பனை, திரும்பப் பெறப்படாது’ என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் மறைந்திருக்கும். போலி என்று தெளிந்த பின்னும் பணம் மீளாத நிலைக்கு இதுவே காரணமாகிவிடுகிறது. நாணயத்தை நெகிழிப் பெட்டியில் இட்டு முத்திரையிட்ட தரச்சான்றுகூடப் போலியாக அமைவதுண்டு.

வாங்குவதாகச் சொல்லியும் பறிப்பார்கள்

இதன் மறுபக்கமும் உண்டு. 2012ஆம் ஆண்டில், ஸ்ரீ மாதா வைஷ்ணவதேவி ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி இந்திய அரசு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களை வெளியிட்டது. அம்மன் திருவுருவம் கொண்ட அந்த நாணயம் கையில் இருந்தால் லட்சக்கணக்கில் விலை தருவதாக ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. உண்மையில் அவை பொதுப் புழக்கத்திற்கு வந்த நாணயங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 2010இல் வெளியான ஐந்து ரூபாய் நாணயமும் இத்தகையதே. அவற்றைப் போற்றிப் பாதுகாக்கலாம், லட்சங்களை எதிர்பார்க்கலாகாது.

‘உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம்’ என்று பேசத் தொடங்குபவர், அடுத்துப் பதிவுக் கட்டணம் கேட்பார். பிறகு வரி கேட்பார். பிறகு ரிசர்வ் வங்கியின் அனுமதிக்கென்று ஒரு தொகை கேட்பார். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 4ஆம் நாள் பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கை இதைப் பற்றியதே. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்கும் செயலில் தான் ஈடுபடுவதில்லை. அதற்கென எந்தக் கட்டணமும் கேட்பதில்லை. தன் சார்பில் அவ்வாறு வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவும் இல்லை என்று அவ்வங்கி தெளிவுபடுத்தியுள்ளது.

இவற்றினும் கொடியது, ‘அரிசியை இழுக்கும் காசு’ என்னும் ஏமாற்று. அதே 1818 காசைக் காட்டி, அதற்குத் தெய்வசக்தி உண்டு, வெளிநாட்டவர் கோடிகள் கொடுத்து வாங்குவர் என்று ஆசை காட்டுவார்கள். காந்தத்தை மறைத்து, இரும்புத் துகள் ஏற்றிய அரிசியைக் கொண்டு நிகழ்த்தும் கண்கட்டு வித்தை அது. செம்பும் வெள்ளியும் பொன்னும் அரிசியை ஈர்ப்பதில்லை.

காசை உரைத்துப் பார்க்கும் வழிகள்

நாணயம் சேர்ப்பது நல்ல பழக்கம். வரலாற்றையும் இறையன்பையும் அது ஒருசேர வளர்க்கும். அதை ஏமாறாமல் செய்வதற்குச் சில வழிகள் உள்ளன.

காசுக்கு முன் நூலை வாங்குதல் நலம். எந்த அரசர், எந்த ஆண்டு, எந்த உலோகம், எவ்வளவு எடை என்பவை நாணய நூல்களில் உள்ளன. 1835 முதல் வெளியான கம்பெனி வெள்ளி ரூபாயின் எடை ஏறத்தாழ 11.66 கிராம். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். பெரிதும் மாறுபட்டால் ஐயம் கொள்ள வேண்டும். அச்சடித்த காசின் எழுத்து கூர்மையாக இருக்கும். அச்சில் உருக்கி வார்த்த போலியில் நுண்ணிய குழிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடும் தென்படலாம்.

உண்மையான காசை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு புகழ்பெற்றது. பல நகரங்களில் நாணயவியல் கழகங்கள் உள்ளன. அங்கே வரும் முதிர்ந்த சேகரிப்பாளர்கள் காசை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அரசு இப்போது வெளியிடும் நினைவு நாணயங்களை இந்திய அரசு நாணயச் சாலைகளிடமே நேரடியாகப் பதிந்து பெறலாம். இடைத்தரகரிடம் பன்மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் பரம்பரையாக வந்த காசுகளைப் பூஜைச் சாமான் துலக்குவதுபோலப் புளி இட்டுத் தேய்க்கலாகாது. பளபளப்பு வரும், சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறைந்துவிடும். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவது குற்றம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை ஒருபோதும் இட வேண்டியதில்லை. அந்த எண்ணைக் கேட்பவர் பணம் தருபவர் அல்லர், எடுப்பவர். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது. ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுமுன் முடக்க வழியுண்டு. பிள்ளைகள் கடிந்துகொள்வார்களே என்று மறைத்துவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கே ஆதாயம்.

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்

போலி என்று அறிந்தபின் அந்த ராமர் காசை என்ன செய்வது? பல பெரியோர்களின் மனத்தை அலைக்கழிக்கும் கேள்வி இது. தூக்கி எறிய மனம் வராது, எறியவும் வேண்டாம். பட்டாபிஷேகக் கோலம் பொறித்த வில்லையாக அது பூஜையறையில் இருக்கலாம். பழமைதான் பொய், அதிலுள்ள திருவுருவத்தை வணங்கும் பக்தி பொய்யன்று. அதை நாணயமென்று சொல்லி இன்னொருவருக்கு விற்காமல் இருப்பதே அறம்.

வீட்டில் ஒருவர் நோயுற்றால், குலதெய்வத்தை நினைந்து மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசு முடிந்து வைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அந்தக் காசில் எந்த மன்னரின் பெயர் இருக்கிறது, எந்த ஆண்டு பொறித்திருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. முடிந்து வைத்த கணத்திலேயே அது பூஜையறையின் விலைமதிப்பற்ற பொருளாகிவிடுகிறது. காசைப் புனிதமாக்குவது அதை முடியும் கையின் பிரார்த்தனையே.

கடைவீதியில் வாசி பார்ப்போம். பூஜையறையில் அன்பு ஒன்றே போதும்.