வெயில் ஏறினால் பனியும் ஏறும்

வெயில் வந்தால் மூடுபனி கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்து மேட்டில் முக்காலியை ஊன்றி நிற்கும் புகைப்படக்காரர் காண்பது வேறு. விடியலில் பள்ளத்தாக்கின் அடியில் அசையாமல் கிடந்த பனி, சூரியன் தலைகாட்டிய சற்று நேரத்தில் சரிவு வழியே ஏறி வந்து அவரையும் முக்காலியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. வெயில் பனியை விரட்டவில்லை, மேலே கூப்பிடுகிறது.

காரணம் முந்தின இரவிலேயே தொடங்கிவிடுகிறது. மேகமில்லாத இரவில் மலைச்சரிவு தன் சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது; ஓடைத் தடம் பிடித்துக் கீழே வழிந்து பள்ளத்தில் சேரும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? காற்று தாங்கக்கூடிய ஈரத்தின் எல்லையைத் தொட்டதும் நீராவி துளிகளாகிறது. இந்த நேரத்தில் மேலே இருக்கும் காற்று, வழக்கத்துக்கு மாறாக, கீழே இருப்பதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அந்தத் தலைகீழ் அடுக்கைத் தாண்டிப் பனி எழ முடியாது. அதனால்தான் அதன் மேற்பரப்பு தச்சர் இழைப்புளி போட்டதுபோல் அவ்வளவு சமமாக இருக்கிறது. காலையில் வெயில் முதலில் படுவது மேல்சரிவில். அங்கே சூடான காற்று எழும்ப, காலியான இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று ஏறி வருகிறது, பனியையும் இழுத்துக்கொண்டு. கரைவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் காட்சிக்காக நடுநிசியில் எழ வேண்டியதில்லை. மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால் ஓடுகிறது. அது உண்மையில் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். கேமரன் மலையோ 101.4 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், இங்கே சூரியன் கடிகாரத்துக்கு 74 நிமிடம் பிந்தி வருகிறான். விடியல் ஏழு மணியை ஒட்டித்தான். பிப்ரவரியில் ஏழரையை நெருங்கிவிடும். தாமதமாக எழலாமே தவிர, தாமதமாக வர முடியாது. நிலநடுக்கோடு இங்கிருந்து நாலரைப் பாகைதான். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால், சுற்றியுள்ளவை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்கி உதயம் வரை சுமார் 21 நிமிடம்தான் இடைவெளி. ஜூன் மாத லண்டனில் அதே இடைவெளி முக்கால் மணி நேரம் நீடிக்கும். அங்கே படமெடுப்பவர் லென்ஸை மாற்றிவிட்டு ஒரு காபியும் குடிக்கலாம்.

பனி கேமராவையும் ஏமாற்றும். பனித்துளியின் விட்டம் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறடிப்பதால் வெண்மை. கேமராவின் ஒளிமானியோ தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே அளக்கும். விளைவு, வெள்ளைப் பனி அழுக்குத் துணி நிறத்தில் பதிவாகும். ஒளியளவை ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தால்தான் கண்ட வெண்மை கிடைக்கும். 1997இலும் 2015இலும் இந்தோனேசியக் காட்டுத்தீயிலிருந்து பரவிய புகைமூட்டம் வேறு சமாச்சாரம். புகைத்துகள் மிக நுண்ணியது, நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். எஞ்சிய ஒளியில் சூரியன் சிவந்து தெரியும்.

பனியை விடுங்கள். படத்தில் நிலைத்து நிற்பது தேயிலைச் செடிகளின் பச்சை விரிப்பும் அதில் நெளிந்தோடும் கோடுகளும்தான். ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் 3,162 சதுர கிலோமீட்டரில் விரிந்திருக்கும் பாலைவன தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களும் இதுபோன்ற கோடுகளுக்காகவே காலைச் சாய்வெயிலைத் தேடுகிறார்கள். மணலில் சில சென்டிமீட்டர் உயரமே உள்ள அலைவரிகள் நீண்ட நிழல் விழுந்தால்தான் தெரியும், உச்சிவெயிலில் மறைந்துவிடும். ஆனால் அங்கே வரி போட்டது காற்று. இங்கே மனிதக் கால்கள். செடிகளுக்கு இடையே கொழுந்து எடுப்பவர்கள் நடந்து போகும் வழிகளே அந்தக் கோடுகள்.

தேயிலை உண்மையில் மரம். விட்டால் அசாம் வகை 10 மீட்டருக்கு மேல் வளரும். இடுப்பளவில் அது நிற்பதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் கவ்வாத்தும், ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து வெட்டுவதும். கிட்டப் போய்ப் பார்த்தால், இளங்கொழுந்தில் பச்சையம் குறைவு, மஞ்சள் சாய்ந்த வெளிர்பச்சை. மொட்டின் அடிப்புறத்தில் மெல்லிய வெள்ளி மயிர், எதிர்வெயிலில் பளிச்சென்று தெரியும். முற்றிய இலை கரும்பச்சை, மேலே மெழுகுப் பூச்சு. ஆகவே வெட்டி முடித்த பாத்தி கருமையாகவும், வெட்டக் காத்திருக்கும் பாத்தி வெளிறியும் இருக்கும். எதிர்மலையில் திட்டுத்திட்டாகத் தெரிகிற பச்சைகளை வைத்து, எங்கே ஆள் வேலை செய்து முடித்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஈர இலையின் மெழுகில் வானம் பிரதிபலித்து இந்த வேறுபாட்டை வெளுக்கச் செய்யும். லென்ஸின் முன்னால் போலரைசரைத் திருகினால் அந்தப் பளபளப்பு விலகி, நிறம் எழுந்து வரும்.

1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்தபோது இந்த மலை முழுக்கக் காடு. 1929இல் ஜே.ஏ. ரஸல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்னுடன் சேர்ந்து ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. சரிவுகளில் ஏறி இறங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று வங்கதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் அதே வழிகளில் நடக்கிறார்கள். செங்குத்துச் சரிவில் கைக்கத்தரி, மற்ற இடத்தில் இருவர் பிடிக்கும் இயந்திரம்.

கேமராவைச் சற்றுத் திருப்பினால் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் படச்சட்டத்துக்குள் வந்துவிடும். நாட்காட்டிப் படங்களில் அவை இருக்காது. எனக்கு அவையும் சேர்ந்த படம்தான் பிடிக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும்; இந்த மலையில் உள்ள தானா ராத்தா ஊரின் உயரம் ஏறக்குறைய 1,440 மீட்டர், எனவே அடிவாரத்து ஈப்போவைவிட 9 பாகை குளிர்ச்சி. தேயிலையை மலையேற்றிய அதே 9 பாகைதான் முட்டைக்கோஸையும் ஸ்ட்ராபெரியையும் கூரை போட்டு இங்கே குடியேற்றியது.